பேரில்லாத பனையேறி

முருகேஸ்வரி ஒருத்தர் மேல் கறுவினால் கறுவியதுதான். சாமி பார்த்துக்கொள்ளும் என்று விடுகிற சோலியே அவளிடம் கிடையாது. சாமிக்கு ஆயிரம் வேலை இருக்கும், நம்ம வேலையை நாமதான் பார்க்கணும் என்பாள்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஓர் எடைமேடை. கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து, வருகிற லாரிகளை எடை போட்டுச் சீட்டு அடித்துக் கொடுப்பது அவள் உத்தியோகம். சேர்ந்த புதிதில் ஒரு டிரைவர், "பொம்பளைக்கு எடையப் பத்தி என்ன தெரியும்" என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டான். அவள் சீட்டை அடித்துக் கையில் கொடுத்து அனுப்பினாள். வருஷங்கள் கழித்து அதே ஆள், கப்பல் புறப்படப் போகுது, கொஞ்சம் முன்னால விடுங்கம்மா என்று கண்ணாடியைத் தட்டினான். "பொம்பளைக்கு எடையப் பத்தி ஒண்ணும் தெரியாதுல்லா. மெதுவாத்தான் போடுவேன். வரிசையில நில்லும்" என்றாள். அவள் புருஷன் மாரிச்செல்வம் டிரெய்லர் ஓட்டுகிறவன். கல்யாணமான புதிதிலேயே ஆளைப் புரிந்துகொண்டான். "இவகிட்ட சண்டைன்னா அன்னிக்கே போட்டு முடிச்சிரணும்ல. ஆறப்போட்டா நம்ம காலி" என்று கூட்டாளிகளிடம் சொல்லுவான்.

அப்படிப்பட்டவள் கையில்தான் அந்த நாவல் வந்து சேர்ந்தது.

எழுதியவர் வேறு யாருமில்லை, அவளுடைய சித்தப்பா செந்தில்முருகன். அப்பாவின் உடன்பிறந்த தம்பி. புத்தகத்தின் பேர் 'வே.சி. விலாசம்'. இந்தப் பக்கத்து வியாபாரக் குடும்பங்களுக்குக் குடும்பப் பேர் என்றால் விலாசம்தான். அப்பன் பேரில் ஓர் எழுத்து, மகன் பேரில் ஓர் எழுத்து எடுத்துச் சாக்கு மூட்டையில் கறுப்பு மையால் குத்திவிட்டால் அதுதான் குலம், அதுதான் கோத்திரம். பெண் கேட்டுப் போனால்கூட எந்த விலாசம் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். வே.சி. என்றால் வேலாயுதம் மகன் சிவனணைந்தபெருமாள். முருகேஸ்வரியின் அப்பாவைப் பெற்றவர். பஜாரில் கருப்பட்டி மொத்த வியாபாரம். வே.சி. குத்தின சாக்கை அவிழ்த்துப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது.

அப்படியிருந்த பேர் எப்படிக் கெட்டது என்பதுதான் நாவல். பாட்டன் சேர்த்தான், மகன் ஆண்டான், பேரன் காலத்தில் கதவைச் சாத்தினார்கள். நாவல் எழுதுகிறவர்களுக்கு வாழ்ந்து கெட்ட வீடு என்றால் அல்வா மாதிரி. ஆனால் கெடுத்தவன் யார் என்று ஓர் இடத்தில் சொல்லித்தானே ஆகவேண்டும். எழுதுகிற ஆளே கெடுத்தவனாக இருந்தால் என்ன செய்வான்? அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவான்.

அப்போது முருகேஸ்வரிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். லீவு போட்டு, காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கத்திலேயே ஒரு வம்சாவளிப் படம். அவள் அப்பா வேல்ராஜ் பேருக்குக் கீழே 'ஆண் வாரிசு இல்லை' என்று போட்டுக் கோட்டை நிறுத்தியிருந்தார்கள். முருகேஸ்வரி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. சித்தப்பாவுக்கும் ஆண் பிள்ளை கிடையாது, இரண்டும் பெண். ஆனால் தன் பேருக்குக் கீழே மட்டும் அப்படி எழுதாமல் ஒரு தாமரைப் பூ வரைந்து விட்டிருந்தார். என்ன சாமர்த்தியம் பாருங்கள்.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பாதிப் புத்தகத்தில்தான் அந்தப் பனையேறி வந்தான்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவன். வே.சி. வீட்டு மூத்த மருமகளுக்குத் தகப்பன். அவனுக்கு நாவல் முழுக்கப் பேர் இல்லை. 'அந்தப் பனையேறி', 'சம்பந்தி என்று சொல்லிக்கொண்டு வரும் பனையேறி', அவ்வளவுதான். கொல்லை வாசல் வழியாக வருவான், பல்லைக் காட்டுவான், பாகு காய்ச்சும்போது மலிவுச் சீனியைக் கலந்து வே.சி. சாக்கில் ஏற்றிவிடுவான். சரக்கு திரும்பி வரும். பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். 'ஒரு பனையேறியின் பேராசை ஒரு விலாசத்தையே தின்றுவிட்டது' என்று அத்தியாயம் முடியும்.

அந்த மனுஷருக்குப் பேர் உண்டு. ஆதிலிங்கம். முருகேஸ்வரியின் அம்மா சீனித்தாயைப் பெற்றவர்.

நடந்தது என்னவென்று பஜாரில் கேட்டால், இன்றைக்கும் குரலைத் தணித்துக்கொண்டு சொல்லுவார்கள். பெரியவர் படுக்கையில் விழுந்ததும் கடை செந்தில்முருகன் கைக்கு வந்தது. கொல்லையில் சரக்கு அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் சீனி மூட்டை இறங்கியதும், ராவோடு ராவாகப் பாகு காய்ச்சிக் கருப்பட்டியோடு கலந்ததும் அவருடைய மூளை. வெளியூரிலிருந்து சரக்கு திரும்பி வந்து கடை வாசலில் குவிந்தபோது, கூசாமல், "உடன்குடிக் கிழவன் கலந்துட்டான்" என்றார். எதிர்த்துப் பேச வேல்ராஜ் இல்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் மதுரை ரோட்டில் லாரி விபத்தில் போயிருந்தார். சீனித்தாயையும் மகளையும் துணிமூட்டையோடு அனுப்பிவிட்டார்கள்.

ஆதிலிங்கம் ஒரு பை நிறையக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தார். பள்ளிக்கூடத்துச் சட்டையோடு முருகேஸ்வரியும் கூட வந்தாள். கடை கடையாக ஏறி, கருப்பட்டியை உடைத்து நீட்டினார். "வாயில போட்டுப் பாருங்க அண்ணாச்சி. சீனி இருந்தா சொல்லுங்க." எல்லாரும் வாயில் போட்டார்கள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முத்துமணி அண்ணாச்சி என்று ஒரு கடைக்காரர் மட்டும் வாயைத் திறந்தார். "சரக்கு சுத்தமாத்தான் இருக்கு. ஆனா பெரிய வீட்டுச் சண்டையில எங்கள ஏன் இழுக்கீரு" என்றார். சுத்தமாக இருக்கிறது என்பதை அவர் கடைக்கு வெளியே வந்து சொல்லியிருந்தால் போதும், ஒரு மனுஷனுடைய மானம் நின்றிருக்கும். சொல்லவில்லை. மிச்சக் கருப்பட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போன ஆதிலிங்கம் அதற்கப்புறம் தூத்துக்குடி மண்ணை மிதிக்கவே இல்லை. பேத்தி கல்யாணம் தூத்துக்குடியில் நடந்தபோது, ஊரில் இருந்தபடியே திருநீறு மடித்துக் கொடுத்துவிட்டார். அவரும் போய், சீனித்தாயும் போய்ச் சேர்ந்தாள். இதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டு இருக்கிற ஆள் முருகேஸ்வரி ஒருத்திதான்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே வயிற்றைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனாள். சண்டைக்கு இல்லை. நியாயமாகக் கேட்டுப் பார்ப்போம் என்றுதான் போனாள். அதை இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் யாரும் அவளைக் குறை சொல்லக் கூடாது.

"சித்தப்பா, எங்க தாத்தா சீனி கலக்கல. அது ஒங்களுக்கும் தெரியும்."

செந்தில்முருகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதர் ஜிப்பா, நரைத்த தாடி. எழுத்தாளராகிவிட்ட பிறகு பேச்சே நிதானமாகிவிட்டது. "நாவல்தானே முருகேசு. கதைன்னு நெனச்சுக்கோ."

"கதைன்னா, கடை பேரு நெசம். ஒங்கப்பா பேரு நெசம். எங்கப்பா பேரு நெசம். எங்கம்மாவப் பெத்த தாத்தாவுக்கு மட்டும் ஏன் பேரு இல்ல?"

"எல்லாருக்கும் பேரு வைக்க முடியாதும்மா. படிக்கவன் கொழம்பிருவான். குடும்ப நாவல்ல பேரோட வாரது கொஞ்சப் பேருதான். மத்தவங்க கூட்டம். ஒங்க தாத்தா கூட்டம்."

"அடுத்த பதிப்புலயாவது மாத்துவீங்களா?"

"அது இல்லேன்னா வீழ்ச்சி எங்க இருக்கு? கதையே படுத்துருமே" என்று சிரித்தார்.

சித்தி கொண்டுவந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. முருகேஸ்வரி அதைத் தொடாமல் எழுந்து வந்தாள். அன்றைக்குக் கறுவினாள்.

மறுமாதம் பிள்ளை பிறந்தது. ஆண். இவர்கள் பக்கம் ஒரு வழக்கம். முதல் பையனுக்கு அப்பா வழித் தாத்தா பேர். அது மாரிச்செல்வம் வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது பையனுக்குப் பேர் விடுகிற உரிமை அம்மா வழிக்கு. குலசாமி சாஸ்தா முன்னால், பங்குனி உத்திரத்தன்று, குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர் மடியில் பிள்ளையைப் போட்டு, அத்தைக்காரி காதில் சொல்லுகிற வரைக்கும் அந்தப் பேரை வெளியே யாரும் உச்சரிக்கக் கூடாது. அதுவரை பிள்ளை வெறும் 'சின்னவன்'தான். பிறப்புப் பதிவில்கூடப் பேர் போடாமல் விட்டுவைப்பார்கள்.

இதற்கு நடுவில் நாவலுக்கு உள்ளூரில் ஒரு பரிசு கிடைத்தது. விழா மேடையில் ஒரு பேராசிரியர் எழுந்து, "வீழ்ச்சி அருமை, ஆனால் துளிர் எங்கே?" என்று கேட்டுவிட்டார். செந்தில்முருகனுக்குத் தூக்கம் போய்விட்டது. துளிருக்கு எங்கே போவார்? அவருடைய பெண்கள் இரண்டு பேரும் தங்கள் பையன்களுக்கு ரித்விக், ஆர்யன் என்று வைத்துவிட்டார்கள். சிவனணைந்தபெருமாள் என்று வைக்கச் சொன்னதற்கு, "பாஸ்போர்ட்டுல எடம் காணாதுப்பா" என்று சொல்லிவிட்டாள் பெரியவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டப்பா மக்ரூனும் ஆப்பிள் பையுமாக முருகேஸ்வரி வீட்டு வாசலில் வந்து நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் படியில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"முருகேசு, எங்கப்பா பேரு அந்தரத்துல நிக்கி. ஒங்கப்பா பேரு வேண்டாம், அல்பாயுசுல போனவன் பேர பிள்ளைக்கு விட மாட்டாங்க. சின்னவனுக்கு எங்கப்பா பேர விட்டுட்டேன்னா, ரெண்டாம் பதிப்புக்குக் கடைசி அத்தியாயம் கெடச்சிரும். வம்சப் படத்துல ஒன் பேரையும் சேத்துருவேன்."

"எங்க தாத்தாவப் பத்தி எழுதினது?"

"அது அப்பிடியே கெடக்கட்டும். அது வேற, இது வேற."

கொஞ்சம் இறங்கி வந்திருந்தால் தப்பித்திருப்பார். விதி விடவில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்கணும் என்று முருகேஸ்வரி முகத்தை வெண்ணெய் மாதிரி வைத்துக்கொண்டாள். "பேர் விடுததுக்கு முந்திப் பேரப் பேசக் கூடாது சித்தப்பா. ஒங்களுக்குத் தெரியாததா. உத்திரத்தன்னைக்கு வாங்க. பிள்ளைய நீங்கதான் மடியில வாங்கணும்" என்றாள்.

சரி என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அது சரியாகத்தான் கேட்டது. பெரிய விலாசத்தில் பிறந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. தாத்தா என்றால் தன் வீட்டில்தான் இருப்பார், பேர் என்றால் தன் வீட்டுப் பேர்தான், அடுத்த வீட்டிலும் செத்தவர்களுக்கு ஒரு பேர் இருக்கும் என்பது மண்டையில் ஏறவே ஏறாது. மடியும் தனக்குத்தான் என்றதும் மனுஷர் கண் கலங்கிவிட்டார். நேரே அச்சகத்துக்குப் போய்விட்டார்.

மாரிச்செல்வம்தான் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டான். "ஏளா, அவரு அச்சடிச்சுத் தொலைச்சா என்னளா பண்ணுவே?"

"அடிக்கட்டும். அச்சு ஏறினத அழிக்க முடியாதுல்லா. எங்க தாத்தாவுக்கு அப்பிடித்தான் பண்ணுனாரு."

"ஆதிலிங்கம்னு வச்சா பள்ளிக்கூடத்துல பயலுவ கேலி பண்ண மாட்டானுவளா?"

"ஆதின்னு கூப்பிடட்டும். இப்பவுள்ள பிள்ளைகளுக்கு அது ஸ்டைலு."

அவன் தங்கை பானுப்ரியாதான் பிள்ளைக்கு அத்தை. அடுப்படியில் வைத்து அவளிடம் விஷயத்தைச் சொன்னாள் முருகேஸ்வரி. பானுப்ரியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சத்தமாச் சொல்லணுமா மதினி, மெதுவாச் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

பங்குனி உத்திரத்தன்று தேரிக்காட்டுச் செம்மணலில் எள் போட இடமில்லை. சாஸ்தா கோயிலைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாகப் பந்தல் போட்டுப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். வே.சி. குடும்பத்துக்குச் சாஸ்தா எதுவோ அதுவேதான் பஜாரில் பாதிக் கடைக்காரர்களுக்கும். செந்தில்முருகன் அத்தனை பேரையும் தன் பந்தலுக்கு அழைத்திருந்தார். முத்துமணி அண்ணாச்சி இப்போது கைத்தடியோடு, காதில் மெஷினோடு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பதிப்பு அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்து இறங்கியிருந்தது. வருகிறவர்களுக்குச் சந்தனம், கற்கண்டு, கையில் ஒரு புத்தகம். கடைசிப் பக்கத்தில் 'இளைய சிவனணைந்தபெருமாள் தேரி மணலில் தன் முதல் அடியை வைத்தான்' என்று அச்சாகியிருந்தது. பிள்ளைக்கு இன்னும் குப்புற விழவே தெரியாது. வம்சப் படத்தில் தாமரைப் பூவைக் காணோம், அங்கிருந்து ஒரு கிளை வளைந்து போய்ப் புதுப் பேரில் முடிந்தது.

செந்தில்முருகன் பட்டு வேட்டியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முருகேஸ்வரி பிள்ளையை அவர் மடியில் கிடத்தினாள். பூசாரி கருப்பட்டித் தண்ணீரை ஒரு பூவில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தார். பிள்ளை சப்புக்கொட்டியது. போட்டோக்காரன் முன்னால் வந்து குனிந்தான். பானுப்ரியா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பிள்ளையின் காதருகே போனாள்.

"ஆதிலிங்கம்" என்றாள். பந்தல் கடைசி வரைக்கும் கேட்டது. "ஆதிலிங்கம். ஆதிலிங்கம்."

செந்தில்முருகன் சிரித்த முகம் சிரித்தபடியே நின்றுவிட்டது. "ஏளா, பேர மாத்திச் சொல்லுதியே."

"மாத்தல சித்தப்பா. சரியாத்தான் சொல்லுதா" என்றாள் முருகேஸ்வரி.

எழுந்திருக்கப் பார்த்தார். மடியில் பிள்ளை. பேர் விட்ட பிள்ளையைத் தாய் வந்து வாங்குகிற வரைக்கும் மடியை விட்டு இறக்கக் கூடாது, அதுவும் வழக்கம்தான். முருகேஸ்வரி வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஆதிலிங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் செந்தில்முருகன்.

அவள் பந்தலில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணாச்சிமாரே, ஒங்க கையில இருக்க புத்தகத்துல ஒரு பனையேறி வாரான். பேரில்லாத ஆளு. சீனி கலந்து குடும்பத்தக் கெடுத்தவன்னு போட்டுருக்கு. அவருக்குப் பேரு உண்டு, இப்ப கேட்டிய. அவரு ஒங்க ஒவ்வொருத்தர் கடையிலயும் ஏறி, கருப்பட்டிய ஒடைச்சுக் குடுத்தாரு. நானும் கூட நின்னேன். யாரு கிட்டங்கியில சீனி மூட்ட எறங்குச்சுன்னு ஒங்களுக்கும் தெரியும், சாஸ்தாவுக்கும் தெரியும். அன்னைக்குப் பேசல. இன்னைக்கும் பேச வேண்டாம். ஒங்க இஷ்டம்."

பக்கத்துப் பந்தலில் குலவை கேட்டது. முத்துமணி அண்ணாச்சி காது மெஷினைச் சரிசெய்து கொண்டு, மடியில் இருந்த புத்தகத்தை ஒரு தடவை பார்த்தார். கைத்தடியை ஊன்றி எழுந்தார். புத்தகத்தை எடுத்த அட்டைப்பெட்டியிலேயே திரும்பப் போட்டார். பிறகு பிள்ளையிடம் வந்து குனிந்தார்.

"சரக்கு சுத்தமாத்தான்யா இருந்துச்சு ஆதிலிங்கம்" என்று அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துச் சொன்னார். காது கேளாதவர் பேச்சு இல்லையா, எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். சிலர் பெட்டிக்குள் போட்டார்கள், சிலர் நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் பொங்கலைப் பார்க்கப் போவது மாதிரி நழுவினார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தலில் நாற்காலிகளும் அவற்றின் மேல் புத்தகங்களும்தான் மிச்சம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க எத்தனை வருஷம் ஆனால் என்ன, குடித்துத்தான் ஆகவேண்டும்.

பிள்ளை பட்டு வேட்டியை நனைத்துவிட்டது. அப்போதும் செந்தில்முருகன் அசையவில்லை. "முருகேசு, ஆயிரம் பிரதி அச்சடிச்சுட்டேனே" என்றார். முதல் தடவையாக அவர் பேச்சில் நிதானம் இல்லை. "கடைசி அத்தியாயம் பூரா எங்கப்பா பேருல்லா. இனிமே இத வச்சு நான் என்ன செய்ய?"

முருகேஸ்வரி குனிந்து பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நாவல்தானே சித்தப்பா" என்றாள். "கதைன்னு நெனச்சுக்கோங்க."

பானுப்ரியா பொங்கலை இறக்கிவிட்டுக் கூப்பிட்டாள். உடன்குடிக் கருப்பட்டி போட்ட பொங்கல். முருகேஸ்வரி முதல் கரண்டியை இலையில் வைத்து, "ஆதிலிங்கம் வீட்டுப் பொங்கல்" என்று சொல்லி முத்துமணி அண்ணாச்சிக்குக் கொடுத்தனுப்பினாள்.